நிறைந்த கோப்பைக்கே பெயர்

நீஷாப்பூரின் மொழியறிஞர் அபூ மன்ஸூர் அஸ்ஸஆலிபீ (ரஹ்) அவர்கள் (இறப்பு: ஹி. 429 / கி.பி. 1038) தமது 'ஃபிக்ஹுல் லுகா' என்னும் நூலில், நிலை மாறும்போது பெயரும் மாறிவிடும் பொருள்களுக்கெனத் தனியே ஒரு பகுதி வகுத்துள்ளார்கள். பானம் உள்ளே இருக்கும்போது மட்டுமே அது 'கஃஸ்'. பானம் தீர்ந்துவிட்டால் அது 'ஸுஜாஜா', வெறும் கண்ணாடிக் கலம். உணவு வைக்கப்பட்டிருந்தால் 'மாஇதா', இல்லையேல் 'கிவான்'. பிடி இருந்தால் 'கூஸ்'. பிடி இல்லையேல் 'கூப்'. நமது அரபுக் கல்லூரிகளில் இவற்றைச் சொற்பாடமாக மனனம் செய்விக்கிறோம். மாணவர்களும் தேர்வில் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். அத்துடன் பாடம் முடிந்துவிடுகிறது.

ஆயினும் இச்சிறு சொல்விளக்கத்துக்குள் கலங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கான ஓர் அளவுகோல் அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம். கலம் தன் பெயரைத் தன் பயனிலிருந்து பெறுகிறது. எதை ஊற்றினார்கள், யார் ஊற்றினார், யாருக்கு முதலில் நீட்டினார் என்ற கேள்விகளை விட்டுவிட்டு மண்ணையும் மெருகையும் மட்டும் பேசுகிறவர் ஸுஜாஜாவைப் பற்றிப் பேசுகிறாரே தவிர, கஃஸைப் பற்றிப் பேசவில்லை.

முஸ்லிம் நாடுகளின் தேநீர், காப்பிக் கலங்களைப் பற்றி இன்று ஏராளமாக எழுதப்படுகிறது. வழவழப்பான தாளில் அச்சிட்ட கலை வரலாற்று நூல்கள், கண்காட்சிகளின் விளக்கக் குறிப்புகள், மரபுச் செல்வப் பட்டியல்கள் என அவை பெருகியுள்ளன. மறுபுறம், ஃபிக்ஹு நூல்களில் பாத்திரங்களைப் பற்றிய பாடத்தை நாம் ஆண்டுதோறும் நடத்தி வருகிறோம். இவற்றையெல்லாம் ஸஆலிபீயின் அளவுகோலால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நமது பாடத்தையும் அந்த அளவீட்டிலிருந்து விலக்கி வைக்கப் போவதில்லை.

தடையிலிருந்து பிறந்ததா கலை?

கலை வரலாற்று நூல்களில் அடிக்கடி காணப்படும் ஒரு கூற்று உண்டு: தங்கம், வெள்ளிப் பாத்திரங்களை இஸ்லாம் தடை செய்தது, எனவே குயவர்கள் மண்பாண்டத்தின்மீது உலோகம்போல் மின்னும் லஸ்டர் பூச்சைக் கண்டுபிடித்தார்கள். கேட்பதற்கு இது நேர்த்தியான விளக்கம்தான்.

தடை உண்மையானது. மதாயின் நகரில் ஹுதைஃபா (ரலி) அவர்கள் தண்ணீர் கேட்டபோது ஊர்த் தலைவர் ஒருவர் வெள்ளிக் கலத்தில் கொண்டுவர, அதை அவர்கள் வீசியெறிந்துவிட்டு, பொன், வெள்ளிக் கலங்களில் பருகுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை எடுத்துரைத்த செய்தி ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது. வெள்ளிக் கலத்தில் பருகுபவர் தம் வயிற்றில் நரக நெருப்பையே ஊற்றிக்கொள்கிறார் என்ற கருத்தில் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பும் உண்டு.

ஆனால் வரலாறு அந்த விளக்கத்துக்கு ஒத்துவரவில்லை. லஸ்டர் பூச்சு முதலில் மண்பாண்டத்தில் தோன்றவில்லை, கண்ணாடியில் தோன்றியது. ஃபுஸ்தாத்தில் கிடைத்த கண்ணாடிக் குவளை ஒன்றில், கி.பி. 773 அளவில் எகிப்தின் ஆளுநராயிருந்த அப்துஸ் ஸமது இப்னு அலீயின் பெயர் காணப்படுகிறது. இராக்கின் குயவர்கள் அந்த நுட்பத்தை மண்ணுக்கு மாற்றியது அடுத்த நூற்றாண்டில். அப்போது அவர்களை உந்தியது சீனாவிலிருந்து வந்திறங்கிய வெண்பீங்கான். தவிரவும், மின்னும் பொருளெல்லாம் தடைக்குரியது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் கூறியதே இல்லை. மாணிக்கம் போன்ற விலையுயர்ந்த கற்களால் ஆன கலத்தை இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' வலுவான கருத்தின்படி ஆகுமாக்குகிறது. மறுபுறம், அரசவைகள் பொற்கலங்களை விட்டுவிடவும் இல்லை. இஸ்தான்பூலின் தோப்காபி அரண்மனைக் கருவூலத்தைக் கண்டவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

ஆக, இந்தக் கூற்று சட்டத்தையும் சரியாகச் சொல்லவில்லை. கலத்தையும் சரியாகச் சொல்லவில்லை. ஷரீஅத்தைக் கலைஞனின் கையைத் தட்டிவிடும் ஒரு தடியாக மட்டும் அது காண்கிறது. கலத்தை ஏந்தும் கைக்கு அது கற்றுத் தந்த ஒழுங்கு என்ன என்று இந்நூல்கள் கேட்பதில்லை.

தேநீர் இல்லாமல் வந்த தேநீர்க் கோப்பை

பயனைக் கேட்காமல் கலத்தைப் பார்த்தால் எவ்வளவு இழப்போம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஹி. 237 / கி.பி. 851இல் தொகுக்கப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்ற அரபு நூல், சீனாவுக்குச் சென்றுவந்த வணிகர்களின் செய்திகளைக் கொண்டது. சீனர்கள் கொதிநீரில் இட்டுப் பருகும் 'ஸாக்' என்னும் கசப்பான இலையைப் பற்றி அது பேசுகிறது. அரசனின் தனி வருவாய்களில் உப்பும் இந்த இலையும் அடங்கும் என்கிறது. அதே நூல், உள்ளிருக்கும் நீர் வெளியே தெரியும் அளவுக்கு மெல்லிய சீனக் களிமண் கோப்பைகளையும் வியந்து எழுதுகிறது. அரபு மொழியில் தேயிலையும் பீங்கான் கோப்பையும் ஒரே நூலில் இடம்பெற்றுவிட்டன.

ஆனால் கப்பலேறி வந்தது கோப்பை மட்டுமே. 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டறியப்பட்ட, ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த கப்பலில் ஏறத்தாழ 60,000 சீனக் கலங்கள் இருந்தன. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் மேலைக் கடல் முறையில் அமைந்த கப்பல் அது. அதிலிருந்த ஒரு கிண்ணத்தில் 'தேநீர்க் கிண்ணம்' என்று சீன எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஸாமர்ராவின் அகழாய்விலும் அக்காலச் சீனக் கலங்கள் கிடைத்துள்ளன. ஆனால் தேநீர் அரபு மக்களின் அன்றாடப் பானமாவதற்கு இன்னும் ஆயிரம் ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது. சீனக் குயவன் தேநீருக்கென வனைந்த கிண்ணம் வேறு ஊரில், வேறு கைகளில், வேறு பானத்துக்கும் உணவுக்கும் உரியதாயிற்று. அது பொருளால் அதே கிண்ணம். பயனால் வேறு கலம்.

சொல்லின் பயணமும் இத்தகையதே. பாரசீகத்தில் 'பிங்கான்' என்பது கிண்ணம். அடியில் துளையிட்ட செப்புப் பிங்கானை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தைக் கொண்டு உழவர்கள் பாசன நீரைப் பங்கிட்டார்கள். நமது நாழிகை வட்டிலுக்கு அது உடன்பிறப்பு. அச்சொல்லே அரபியில் 'ஃபின்ஜான்' ஆகிக் காப்பிக் கோப்பையைக் குறித்தது. தமிழில் 'பீங்கான்' ஆகி, கலத்தை விட்டு அக்கலம் செய்யப்படும் பொருளுக்கே பெயராயிற்று. நேரத்தை அளந்த கிண்ணம், விருந்தினருக்கு நீட்டும் கோப்பை, நம் வீட்டுத் தட்டு ஆகிய மூன்றும் ஒரே சொல்லின் பிள்ளைகள்.

இத்தகைய சொல்வரலாறு பொறுமையைக் கேட்கும். பொறுமையற்ற எழுத்து கதை கட்டிவிடும். இராக்கிலும் வளைகுடாவிலும் தேநீர் பருகும் சிறு கண்ணாடிக் குவளைக்கு 'இஸ்திகான்' என்று பெயர். 'ஈஸ்ட் டீ கேன்' என்று ஆங்கிலேயர் பெட்டிகளில் எழுதியதிலிருந்து இப்பெயர் பிறந்ததாக ஒரு கதை திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. குவளையைக் குறிக்கும் 'ஸ்தகான்' என்ற ருஷ்யச் சொல் பாரசீகத்தின் வழியே வந்திருப்பதை அறிந்தவர்களுக்கு அக்கதை தேவைப்படாது. ருஷ்யாவின் ஸமாவரும் இந்தக் குவளையும் ஒரே வணிகப் பாதையில் வந்தவை.

கோப்பை சுற்றிவந்த விதம்

கலத்தைப் பயனோடு சேர்த்துப் பார்ப்பது நம் முன்னோருக்கு இயல்பாக இருந்தது. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் ஒரு காட்சியை முன்வைக்கிறார்கள். சிலர் கூடி அவையை அலங்கரித்து, மதுக் கலங்களையும் கிண்ணங்களையும் வைத்து, அவற்றில் ஆகுமான ஸிகன்ஜபீன் பானத்தை ஊற்றி, ஊற்றித் தருபவனையும் நியமித்துக் குடிகாரர்களைப்போல் பருகினால், பானம் ஹலாலாக இருந்தும் அச்செயல் தடுக்கப்பட்டதாகிவிடும். கிண்ணத்தில் இருப்பதை மட்டுமின்றிக் கிண்ணம் சுற்றும் விதத்தையும் அந்தக் கண் பார்க்கிறது.

ஹி. 917 / கி.பி. 1511இல் மக்காவில் காப்பி குறித்து எழுந்த சர்ச்சை இதற்கு வரலாற்றுச் சான்று. நகரின் பொறுப்பதிகாரியான காயிர் பேக், பள்ளிவாசலருகே சிலர் இரவில் விளக்கொளியில் கூடி மது அருந்துவோரைப்போல் கோப்பையைச் சுற்றவிட்டதைக் கண்டதிலிருந்தே வழக்கு தொடங்கியது. அதே கோப்பைக்கு வேறொரு சாட்சியமும் உண்டு. அப்துல் காதிர் அல்ஜஸீரீ தமது 'உம்ததுஸ் ஸஃப்வா'வில் எடுத்தாளும் இப்னு அப்துல் கஃப்பார், கெய்ரோவின் அஸ்ஹரில் யமன் நாட்டு ஸூஃபிகள் காப்பி அருந்தியதை விவரிக்கிறார். சிவந்த களிமண்ணாலான பெரிய கலத்திலிருந்து தலைவர் சிறு அகப்பையால் முகந்து, வலப்புறமாக ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். அவையோர் திக்ரில் திளைத்திருப்பர். பானம் ஒன்றே; சுற்றும் கோப்பையும் ஒன்றே. மக்காவில் அது ஐயத்தை எழுப்பியது. அஸ்ஹரில் இரவு வணக்கத்துக்குத் துணை நின்றது. தடை நீடிக்கவில்லை, காப்பி நிலைத்தது. தீர்ப்பு எதுவாயினும், இரு தரப்பாரும் பார்த்தது நிறைந்த கோப்பையை, கையிலிருந்து கைக்கு மாறும் கோப்பையை.

உஸ்மானியர் காலத்தில் பிடியில்லாத காப்பிக் கோப்பையைச் சூடு தாங்காமல் பிடிப்பதற்காக ஓர் உலோகத் தாங்கி வழக்கிற்கு வந்தது. அதன் பெயர் 'ளர்ஃப்'. நம் மாணவர்களுக்கு இச்சொல் நஹ்வுப் பாடத்தில் மட்டுமே அறிமுகம். காலத்தையும் இடத்தையும் காட்டும் ளர்ஃபை அவர்கள் அறிவார்கள். கோப்பையைத் தாங்கும் ளர்ஃபை அறியார்கள். செல்வர் வீடுகளில் இது வெள்ளியிலும் பொன்னிலும் செய்யப்பட்டது. உதடு படுவது பீங்கானில்தானே, கைதானே வெள்ளியைத் தொடுகிறது என்ற வாதம் எழுவது இயல்பு. வெள்ளி பதித்த கலத்தில் வெள்ளியுள்ள இடத்தை வாயால் தவிர்த்துப் பருகலாம் என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள் அதையும் வெறுத்தார்கள். ஆனால் திமிஷ்க்கின் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் (இறப்பு: ஹி. 1252 / கி.பி. 1836) 'ரத்துல் முஹ்தார்' நூலில் காப்பிக் கோப்பையின் வெள்ளி ளர்ஃபைப் பெயர் சொல்லியே தடுக்கிறார்கள். கையும் வாயும் படாவிட்டாலும், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கே பயன்படுத்தப்படுகிறது என்பது அவர்கள் காட்டும் காரணம்.

இந்த ஒரு வரிக் காரணம் பல பக்கக் கலை வரலாற்றைவிடக் கலத்தை நெருங்கி நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது. பொருளின் பொருண்மை அதன் பயனில் இருக்கிறது என்ற ஸஆலிபீயின் மொழியறிவே இங்கே சட்டமாக வெளிப்படுகிறது.

'அடையாளம்' என்ற சொல்

யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் 2013இல் துருக்கியக் காப்பியும், 2015இல் அரபுக் காப்பியும், 2022இல் அஸர்பைஜான், துருக்கி நாடுகளின் தேநீர்ப் பண்பாடும் இடம்பெற்றன. கலத்தை மட்டும் பார்க்காமல் வழக்கத்தையும் பதிவு செய்கின்றன என்ற வகையில் இப்பதிவுகளைப் பாராட்டுகிறோம். ஆனால் அவற்றின் மையச் சொல் 'அடையாளம்'. அரபுக் காப்பி கொடையின் அடையாளம். தேநீர் விருந்தோம்பலின் அடையாளம்.

விருந்தோம்பல் அடையாளமாவதற்கு முன் ஒரு செயலாக இருந்தது. துருக்கியின் இடை சிறுத்த கண்ணாடிக் குவளையை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பிடி இல்லை. விளிம்பையே பிடிக்க வேண்டும். சூடு உதட்டைச் சுடுமுன் விரலுக்குத் தெரிந்துவிடும். அரபியின் ஃபின்ஜானில் காப்பி அடியில் கொஞ்சமே ஊற்றப்படும். அது விரைவில் ஆறும். பானத்தில் ஊதுவதையும், கோப்பையின் உடைந்த விளிம்பில் வாய் வைத்துப் பருகுவதையும் தடுக்கும் ஹதீஸ் அபூ தாவூதில் உள்ளது. கலத்தின் வடிவமே அந்த ஒழுங்குக்குத் துணை செய்கிறது. இதற்காகவே குயவர்கள் அவ்வாறு வனைந்தார்கள் என்று நாம் கூறவில்லை. இருப்பினும் சிறிய கோப்பை ஊற்றுபவரை மீண்டும் மீண்டும் விருந்தினரிடம் வரச் செய்கிறது. மொராக்கோவில் உயரத்திலிருந்து நுரை பொங்க ஊற்றப்படும் புதினாத் தேநீர் மூன்று சுற்று வருவது வழக்கம். அதற்குரிய உலோகத் தேநீர்க் குடுவைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டரின் பட்டறைகளும் செய்து அனுப்பின. கலம் அயலூரில் பிறந்தும் மொராக்கோ மரபாயிற்றென்றால், அதை மரபாக்கியது ஊற்றிய கையே.

அரபுக் காப்பி பற்றிய பதிவு, முதல் கோப்பை அவையின் முக்கியமானவருக்கோ மூத்தவருக்கோ தரப்படும் என்கிறது. ஸுன்னத்தின் கோப்பை வேறு வழியில் செல்கிறது. நபி (ஸல்) அவர்கள் பால் அருந்தியபோது இடப்புறம் அபூபக்ர் (ரலி) அவர்களும் வலப்புறம் ஒரு கிராமவாசியும் இருந்தார்கள். கோப்பை கிராமவாசிக்கே சென்றது. மற்றொரு முறை வலப்புறம் இருந்தவர் ஒரு சிறுவர். இப்னு அப்பாஸ் (ரலி) என்றே பலர் விளக்குகின்றனர். இடப்புறம் முதியவர்கள். முதியவர்களுக்குக் கொடுக்கலாமா என்று நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். அவர் விட்டுக்கொடுக்க மறுத்தார். கோப்பை அவர் கையிலேயே வைக்கப்பட்டது. மூத்தவரிடமிருந்து தொடங்குவதற்கும் ஆதாரங்கள் உண்டு; இரண்டையும் அறிஞர்கள் இணைத்து விளக்கியுள்ளனர். ஆனால் செல்வமும் பதவியும் முதல் கோப்பைக்கு உரிமையாகும் என்பதற்கு அவற்றில் இடமில்லை. பிறருக்கு ஊற்றுபவர் தாம் இறுதியில் பருக வேண்டும் என்பதும் ஹதீஸே. 'அடையாளம்' என்ற சொல்லுக்குள் இந்த வலப்புறச் சிறுவரின் உரிமை அடங்குவதில்லை.

நம் வகுப்பறையின் குறை

பிறரை அளந்த கோலால் நம்மையும் அளக்க வேண்டும். பாத்திரங்களைப் பற்றிய பாடத்தில் 'ளப்பா' என்றொரு சொல் வரும். விரிசல் விட்ட கலத்தை இணைக்கும் உலோகத் துண்டு அது. அழகுக்காக வைத்த பெரிய வெள்ளித் துண்டு கூடாது. தேவைக்காக வைத்த சிறியது கூடும். சிறியது அழகுக்காகவும் பெரியது தேவைக்காகவும் இருந்தால் ஏற்புடைய கருத்தின்படி கூடும், எனினும் வெறுக்கத்தக்கது. தங்கத் துண்டு எவ்வகையிலும் கூடாது என்பது நவவீ (ரஹ்) அவர்களின் முடிவு. இந்தப் பிரிவுகளைப் பல ஆண்டுகள் பிசகாமல் நடத்தினோம். ஒருநாள் ஒரு மாணவர், "ஹஸ்ரத், ளப்பா எப்படி இருக்கும்?" என்று கேட்டபோது நம்மால் கையால் சைகை காட்ட மட்டுமே முடிந்தது. நாமும் அதைக் கண்டதில்லை என்றே எண்ணியிருந்தோம்.

வீடு சென்ற பிறகுதான் நினைவு வந்தது. பாட்டியார் காலத்துப் பீங்கான் தட்டு ஒன்று பரணில் இருந்தது. குறுக்கே ஓடிய விரிசலைப் பித்தளைக் கம்பிகள் வரிசையாகத் தைத்து நின்றன. சிறுவயதில் எத்தனையோ முறை அதில் உண்டிருக்கிறோம். அந்தப் பித்தளைக்கு வெள்ளியின் சட்டம் பொருந்தாது என்பது வேறு. ஆனால் நபி (ஸல்) அவர்களின் கோப்பை உடைந்தபோது விரிசல் வெள்ளியால் இணைக்கப்பட்ட செய்தியை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாகப் பாடம் நடத்திய நாம், உடைந்ததை எறியாமல் தைத்துப் பயன்படுத்திய வீட்டிலேயே வளர்ந்தும் இரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை. கலை நூல்கள் சட்டமில்லாத கோப்பையைக் காட்டுகின்றன என்று குறை கூறினோம். நாம் காட்டியது கோப்பையில்லாத சட்டம்.

இதன் விளைவை நம் வீடுகளில் காணலாம். வளைகுடாவிலிருந்து வந்த தங்க நிறத் தல்லாவும் ஃபின்ஜான்களும் கண்ணாடி அலமாரியில் பூட்டப்பட்டிருக்கின்றன. விருந்தினருக்குக் காகிதக் கோப்பையில் தேநீர் தரப்படுகிறது. மேற்பூச்சு நெருப்பிலிட்டாலும் தனியே பிரியாத அளவுக்கு மெல்லியதாக இருந்தால் அக்கலத்தைப் பயன்படுத்தலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. பூசும் செயலைப் பற்றித் தனிப் பேச்சு உண்டு. எனவே ஹலால், ஹராம் என்பதுடன் கேள்வி முடிந்துவிடவில்லை. பூட்டிய அலமாரியில் இருப்பவை ஸஆலிபீயின் மொழியில் இன்னும் பெயர் பெறாதவை. திருமண அவைகளிலோ கோப்பைகள் நிறைந்தே வருகின்றன. ஆனால் மேடையில் அமர்ந்திருப்பவர்களை நோக்கி முதலில் செல்கின்றன. வாசலருகே உட்கார்ந்திருக்கும் முதியவருக்குத் தட்டு வரும்போது தேநீர் ஆறியிருக்கும். பரிமாறும் இளைஞர்களைக் குறை கூறிப் பயனில்லை. அவர்களுக்கு நாம் பாடம் நடத்தவில்லை.

பரணிலிருந்த அந்தத் தட்டு இப்போது நம் வகுப்பு மேசையில் இருக்கிறது. பாத்திரங்களின் பாடம் தொடங்கும் நாளில் மாணவர்கள் அதைக் கையில் எடுத்து, கம்பிகளை எண்ணிப் பார்க்கிறார்கள். அன்று இடைவேளைத் தேநீரை ஊற்றும் பொறுப்பு அவர்களில் ஒருவருக்கு. வலப்புறத்தில் தொடங்கி, எல்லாரும் பருகிய பின் அவர் தமக்கு ஊற்றிக்கொள்கிறார். கடந்த ஆண்டு அந்த வலப்புறத்தில் அமர்ந்திருந்தவர் முதல் வகுப்பின் ஆகச் சிறிய மாணவர். அவர் கோப்பையை வாங்கத் தயங்கி நம் முகத்தைப் பார்த்தார். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் ஹதீஸை அன்றுதான் அவருக்குச் சொன்னோம்.